கிழக்கே நிழல் விழும் பாதிப் பாலம்

“கூப்பிட்ட குரலுக்கு ஒரு ‘ம்’ சொல்லாதவன் வீட்டுத் தண்ணியை வாங்கிக் குடிக்காதே, குடிச்சா…” என்று நெல்லிமேட்டுப் பெரியவர் தேசிங்கு நாயக்கர் ஒரு காதுகுத்து விருந்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். குடித்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார், ஆனால் சரியாக அந்த இடத்தில் ரேடியோ செட் ஊளையிட்டது, பந்தியில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஊளை அடங்கியபோது பெரியவர் மொய் வைத்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். விக்கல் எடுக்கும் என்றார் என்று சிலர், வம்சத்துக்கே தாகம் தீராது என்றார் என்று சிலர், அதெல்லாம் இல்லை, பாயசம் பிரமாதம் என்றுதான் சொன்னார் என்று சிலர். பெரியவரும் போய்ச் சேர்ந்தார், வாக்கியம் அங்கேயே நின்றது, நெல்லிமேட்டில் பாதியில் நின்ற எத்தனையோ காரியங்களில் அதுவும் ஒன்று என்று ஊர் விட்டுவிட்டது.

அதனால்தானோ என்னவோ, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாலாற்றங்கரையில் பாதிப் பாலம் ஒன்று நின்றதைப் பார்த்து யாரும் வாய் பிளக்கவில்லை.

முதலில் பார்த்தவர் டிரைவிங் ஸ்கூல் தணிகாசலம். ஆற்றங்கரை மைதானத்தில்தான் அவர் ஆட்களுக்கு எட்டுப் போடப் பழக்குவார். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் தையல் யூனிட் சூப்பர்வைசர் மெகருன்னிசா, நாற்பதைத் தாண்டியவள், எதிரில் எது வந்தாலும் கிளட்சை மிதிக்கிறவள்.

“பிரேக்கு, பிரேக்கு! அது கிளட்சும்மா!”

அவர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்த பிறகே இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கரையில் ஆரம்பித்து, வறண்ட மணலின் மேல் உயர்ந்து, ஆற்றின் நடுவில் வந்ததும் நாக்கை நீட்டியது போல வெறும் காற்றில் நின்றது பாலம். மரப்பலகைகள், கைப்பிடிக்குக் கயிறு, துருவே ஏறாத ஆணிகள், எந்த மரத்திலும் இல்லாத ஒரு பழுப்பு நிறம். முகப்பில் மஞ்சள் பலகை: மேம்படுத்தும் பணி நடைபெறுகிறது. விரைவில்.

“மாஸ்டர், இது நம்ம பாலம் இல்ல?”

“நம்ம பாலந்தான். நீ வண்டிய மொதல்ல நியூட்ரல்ல போடு.”

நம்ம பாலம் என்று அவர்கள் சொன்னது ‘அக்கரைத் தோட்டம்’ என்ற செல்போன் விளையாட்டில் இருந்த பாலத்தை. காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு அது, விளம்பரம் கிடையாது, சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஓர் ஆறு, இரண்டு கரை. இந்தக் கரையில் உங்கள் வீடும் செடிகளும், அந்தக் கரையில் இன்னொருவருடைய வீடும் செடிகளும். அதில் ஒரே ஒரு விதிதான்: தன் செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றக் கூடாது. அக்கரைக்காரர் பாலத்தைக் கடந்து வந்து ஊற்ற வேண்டும், நீங்கள் கடந்து போய் அவருடையதற்கு ஊற்ற வேண்டும். பேச வழியில்லை, எழுத வழியில்லை. ஊற்றிய இடத்தில் மண் கறுத்திருக்கும், அதைப் பார்த்து ஆள் வந்து போனார் என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இத்தனை சாதுவான ஒரு விளையாட்டைத் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களும் பஸ் கண்டக்டர்களும் மருந்துக்கடைப் பெண்களும் எதற்காக விழுந்து விழுந்து ஆடினார்கள் என்று கேட்டால், தங்கள் செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருப்பதைக் காலையில் எழுந்து பார்ப்பதில் உள்ள சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

தணிகாசலத்துக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவருடைய அக்கரைக்காரி அவருடைய மகள்.

மகள் பெயர் நித்யகல்யாணி. கல்லூரியில் படிக்கும்போது அவள்தான் அப்பாவின் போனில் அந்த விளையாட்டை அவருடைய காசிலேயே வாங்கிப் போட்டு, தன்னையே அக்கரைக்காரியாகவும் சேர்த்து, “நைனா, என் ரோஜா வாடுச்சுன்னா நான் சாப்பிட மாட்டேன், பாத்துக்க” என்று மிரட்டிவிட்டுப் போனவள். பிறகு ஹூப்ளியில் வேலை, அங்கே ஒருவனைப் பிடித்தது, அவன் நம் ஆள் இல்லை, இவள் கேட்கவில்லை, அவர் கேட்கவில்லை. கல்யாணச் செய்தி வந்த அன்று சொந்தக்காரர்கள் கூடிய கூடத்தில் தணிகாசலம் தட்டில் கற்பூரம் ஏற்றி, “அவளோட இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன், இது அவ தலை மேல சத்தியம்” என்று சொல்லிச் சுவாலையின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். அடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. தன் தலை மேல் சத்தியம் செய்பவன் என்றைக்காவது மனம் மாறி வாயைத் திறக்கலாம், வருவதை வாங்கிக்கொள்ளலாம். அவர் அவள் தலை மேல் செய்துவிட்டார். வாயைத் திறந்தால் விழுவது அவள் தலையில்.

அவர் மனைவி கோமளா அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். “பொன்னியம்மனுக்கு அபராதம் கட்டினா சத்தியம் முறிஞ்சிடுங்க. ஊர்ல யாரும் செய்யாததா?”

“அம்மன் ஒத்துக்கிச்சின்னு எனக்கு யாரு வந்து சொல்றது? அதுவும் பதில் சொல்லாது. சும்மா கீறியா.”

கோமளா சும்மா இருக்கவில்லை. தினமும் சாயங்காலம் மகளோடு போனில் பேசினாள், அதுவும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தமாகப் பேசினாள், அவர் அடுத்த அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் பிழைத்துக் கிடந்தது அந்தப் பேச்சினால் இல்லை. சத்தியம் செய்த மறுவாரம், என்னமோ ஒரு நப்பாசையில் விளையாட்டைத் திறந்தவர், தன் மிளகாய்ச் செடியடியில் மண் கறுத்திருப்பதைக் கண்டார். அவள் வந்து போயிருந்தாள். அவர் பாலத்தைக் கடந்து போய் அவள் ரோஜாவுக்கு ஊற்றினார். ஊற்றுவது பேச்சில் சேராது. கற்பூரத்தின் மேல் அடித்த எந்தச் சத்தியத்திலும் ஊற்றமாட்டேன் என்று இல்லை. அப்படியே நாட்கள் போயின, ஒரு வார்த்தை இல்லாமல், ஒரு நாளும் தவறாமல்.

பிறகு அந்த அப்டேட் வந்தது. ஒரு காலையில் பாலத்தின் அந்தப் பக்கத்துப் பாதியைக் காணோம், மஞ்சள் பலகை மட்டும் இருந்தது. இன்றைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். செடிகள் தலை சாய்ந்தன. விளையாட்டை உண்டாக்கியவர்களுக்கு எழுதினார்கள், கெஞ்சி எழுதினார்கள், திட்டி எழுதினார்கள். காசைத் திருப்பிக் கொடு என்று எழுதினார்கள், காசு வேண்டாம் என்ன ஆச்சு என்று மட்டும் சொல் என்று எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ஒரு எழுத்து மாறாமல்: அன்புள்ள பயனரே, உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது. விரைவில். தணிகாசலம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒற்றை விரலால் தட்டி எழுதியது இவ்வளவுதான்: “ஐயா, பாலத்தை அறுத்தது ஏன் என்று கேட்கவில்லை. எப்போது கட்டுவீர்கள் என்றாவது சொல்லுங்கள். கட்டவே மாட்டீர்கள் என்றாலும் சொல்லுங்கள்.” அதற்கும் விரைவில்தான்.

அந்தப் பாலம்தான் இப்போது ஆற்றங்கரையில் வந்து நின்றது.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம் இப்படி. ஏதோ ஒரு துறை கட்டியிருக்கிறது என்று முதல் வாரம் எல்லாரும் நினைத்தார்கள். பாதிப் பாலமும் ‘விரைவில்’ என்ற பலகையும் நெல்லிமேட்டில் எவருக்குப் புதுசு? ஜீப்புகளில் அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் இது எங்களுடையது இல்லை, அவர்களுடையது என்றார், அவர்கள் வந்து இது இவர்களுடையது என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கவுன்சிலர் தன் படத்தைப் போட்டு ‘என் பெருமுயற்சியால்’ என்று ஒரு பேனர் கட்டினார். பாலத்தின் நிழல் காலையானாலும் மாலையானாலும் கிழக்கே மட்டும்தான் விழுந்தது, சூரியனைப் பற்றி அது கவலைப்படவே இல்லை. அதைக் கவனித்த இளநீர்க்காரர் ஏகாம்பரம், சும்மா சும்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு நிழலைத் தேடுவதை விட்டுவிட்டு, அங்கேயே செங்கல் வைத்துச் சக்கரத்தை முட்டுக்கொடுத்து நிரந்தரமாகக் கடை போட்டார். மாவு மில்காரர் அங்கே வற்றல் காய வைக்கப் பார்த்துத் தோற்றார். கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆடுகள் மட்டும் கடைசிவரை ஏறவில்லை.

பிறகு இன்னொரு வழக்கம் தானாக வந்தது. பதில் கிடைக்காதவர்கள் பாலத்தில் ஏற ஆரம்பித்தார்கள். பென்ஷன் மனு கொடுத்தவர்கள், பெண் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்களின் பதிலுக்காகக் காத்திருந்தவர்கள், குவைத்துக்குப் போன புருஷனின் போனுக்காகக் காத்திருந்த ஒரு பெண், எல்லாரும் பலகைகளின் மேல் நடந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாலம் முடிகிற இடத்தில் நின்று எதிரே காற்றைப் பார்த்து உரக்கக் கேட்டுவிட்டு இறங்கினார்கள். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் இறங்கும்போது ஏறியபோது இருந்த முகம் இல்லை என்று ஏகாம்பரம் சொன்னார், அவர்தான் எல்லா முகத்தையும் பார்க்கிறவர். ‘விரைவில்’ என்ற சொல் மட்டும் ஊரில் கெட்ட வார்த்தையாகிவிட்டது. தையற்காரர் வாய் தவறிச் சொன்னால், “போயி பாலத்துல ஏறிச் சொல்லு” என்று ரவிக்கைத் துணியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் சண்டையில், “டேய், நீ விரைவில்ல போக!” என்று சாபமிட்டு அடி வாங்கின.

தணிகாசலமும் ஏறினார். தினமும் வகுப்பு முடிந்ததும் ஏறி, முடிகிற இடத்தில் நிற்பார். அவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் அது அவளிடம் கேட்டதாகிவிடுமோ என்று பயம். காற்றில் சொன்ன வார்த்தை எந்தப் பக்கம் போகும் என்று யார் கண்டார்கள்? எதிரே தென்னந்தோப்பும் செங்கல் சூளையும் தெரிந்தன, அவர் அவற்றைப் பார்க்கவில்லை, அவற்றுக்கு முன்னால் காற்றில் எங்கோ ஒரு ரோஜாச் செடி தலை சாய்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதை அப்படியே கீழே கொண்டுவருவார்.

“மாஸ்டர், அந்தத் தண்ணிய எனக்காச்சும் குடுங்க, மூஞ்சி கழுவிக்கிறேன்” என்பார் ஏகாம்பரம். அவர் கொடுக்கமாட்டார்.

ஒரு சாயங்காலம் கோமளா போனில் கத்திக்கொண்டிருந்தாள். “இன்னாது? அங்கியுமா? ஏரியிலயா? அடிப்பாவி, எத்தினி நாளா? ஏன்டி எங்கிட்ட சொல்லல?” பேப்பருக்குப் பின்னால் தணிகாசலத்தின் காது விறைத்தது. கோமளா, அடுத்த அறைக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று, மகள் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். “உன் வூட்டுப் பின்னால ஏரியில பாதிப் பாலம் வந்துகீதா. அக்கரைப் பக்கத்துப் பாதியா. அந்த ஊருக்காரங்க அது பக்கத்துல அப்பளம் காய வெக்கிறாங்களா, காயமாட்டேங்குதா. அதெப்பிடிடி காயும், நெழல் ஒரே பக்கமா வுழுந்தா?” பிறகு குரல் தாழ்ந்தது, அவருக்குக் கேட்காமல் ஏதோ பேசினாள், அதில் அழுகை இருந்தது போலவும் இருந்தது, சிரிப்பு இருந்தது போலவும் இருந்தது. போனை வைத்துவிட்டு வந்து அவர் பேப்பரைப் பார்த்து, “தலைகீழா புடிச்சிகினுகீறீங்க” என்றாள்.

அப்படியானால் பாலம் ஒன்றுதான். நடுவில் ஆறு மட்டுமல்ல, ஆம்பூரும் கிருஷ்ணகிரியும் பெங்களூரும் துமகூரும் இருந்தன, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம், மெகருன்னிசா எட்டை எட்டாகவே போட்ட முதல் நாள், வண்டியைப் பாலத்து நிழலில் நிறுத்தி ஆளுக்கு ஓர் இளநீர் வாங்கினாள். விளையாட்டைப் பற்றி உலகம் எழுதும் விமர்சனங்களை உரக்க வாசித்துச் சிரிப்பது அவளுக்கு வழக்கம். ஒரு நட்சத்திரம், ஒரு நட்சத்திரம், மறுபடி ஒரு நட்சத்திரம் என்று வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

“பாருங்க மாஸ்டர், தமிழ்ல ஒண்ணு வந்துகீது. நாலு ஸ்டாரு போட்டுகீறா, லூசு. பேரு ‘நெல்லிமேட்டுக்காரி’யாம். நம்ம ஊருதான் போல!”

அவர் வாயிலிருந்து ஸ்ட்ராவை எடுத்தார். “படி.”

“‘காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு. பாலத்தை அறுத்துவிட்டு ஏன் என்று ஒரு வரி எழுதவில்லை. நானும் பல தடவை கேட்டுவிட்டேன். பதில் சொல்லாத ஆட்கள் எனக்குப் பழக்கம்தான், எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். ஆனால் எங்க நைனா பேசமாட்டாரே தவிர, தண்ணீர் ஊற்றுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நீங்கள் அதையும் நிறுத்திவிட்டீர்கள்.’ அய்ய, பாவம் இந்தப் பொண்ணு. இன்னும் கீது மாஸ்டர். ‘நான் இப்போது இருக்கும் ஊர் ஏரியில் உங்கள் பாலத்தின் பாதி வந்து நிற்கிறது. சாயங்காலம் அதன் நுனியில் போய் உட்காருவேன். இனி படி ஏறக் கூடாது, எட்டாம் மாசம் பிறந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் பாதியில் நான் இனிமேல் இருக்கமாட்டேன். அந்தப் பக்கத்துப் பாதியில் யாராவது நின்றுகொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள், வீணாகக் காத்திருக்க வேண்டாம். நாலு நட்சத்திரம், விளையாடியவரைக்கும் நன்றாக இருந்தது.’”

மெகருன்னிசா மூக்கை உறிஞ்சினாள். “கீழ கம்பெனிக்காரன் பதில் போட்டுகீறான். அன்புள்ள பயனரே, உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும்… தூ, நாசமாப் போறவனுங்க. ஒரு கர்ப்பஸ்திரிகிட்டக்கூட இதையே…” அவள் திரும்பிப் பார்த்தாள். “மாஸ்டர்? இன்னா மாஸ்டர் ஆச்சு?”

தணிகாசலம் வண்டியை விட்டு இறங்கிப் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பாதி தூரம் போனவர் நின்றார். பலகைகள், கயிறு, துருவேறாத ஆணிகள், மஞ்சள் பலகை எல்லாவற்றையும் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். நுனியில் குவைத்துக்காரரின் மனைவி நின்று புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவள் குரல் மணலின் மேல் போய் எங்கும் படாமல் கரைந்தது. அவர் ஏறவில்லை. திரும்பி வந்து மெகருன்னிசாவிடம், “நாளைக்கி கிளாஸ் கெடையாதும்மா. நீயே வண்டிய வூட்டாண்ட கொண்டாந்து வுடு, நான் நடந்தே வந்துடுறேன்” என்றார்.

“நான் தனியாவா? அல்லாவே! மாஸ்டர், எனக்கு இன்னும் லைசென்ஸே வரல!”

“சரி, அப்ப நான் பக்கத்துல உக்காந்துக்குறேன். நான் பேசமாட்டேன், நீயே ஓட்டு.”

அவள் கிளட்சை மிதிக்க வேண்டிய இடத்தில் கிளட்சையும் பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில் பிரேக்கையும் மிதித்து, மார்க்கெட் தெருவைத் தாண்டி, தெருமுனையில் கழுதை ஒன்றுக்கு வழிவிட்டு, அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். வழி நெடுக அவர் பக்கத்துப் பிரேக்கின் மேல் கால் வைக்கவே இல்லை என்பதை அவள் பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்.

கோமளா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார், அப்படி அவர் உட்கார்ந்து எத்தனையோ காலமாகியிருந்தது. ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தார், இலையை விட்டுக் காம்பை முறத்தில் போட்டார்.

“எட்டாம் மாசம் பொறந்துடுச்சாமே” என்றார்.

கோமளாவின் கை நின்றது. “யாரு சொன்னது?”

“ஊருக்கே எழுதிப் போட்டுகீறா. எங்கிட்ட நீ சொல்லல.”

“எப்பிடிச் சொல்றது? மூணு மாசத்துலயே சொல்ல வந்தேன். நேருக்கு நேரா அவ பேர எடுத்தா எழுந்து போயிடுவீங்க. மத்ததெல்லாம் பேப்பரப் பாத்துதான் கத்தினு இருந்தேன், இத மட்டும் பேப்பருக்குச் சொல்ல மனசு வரல.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறத்திலிருந்த காம்புகளைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். “அவ அங்க பாலத்துல உக்காந்துகினு, நீங்க இங்க பாலத்துல நின்னுகினு. நடுவுல நான் ஒருத்தி தொண்ட கிழியக் கத்தினு. இன்னா பண்ணப் போறீங்க இப்போ? அந்தக் கம்பெனிக்காரன் கட்டித் தர்ற வரைக்கும் ஒக்காந்துனு இருக்கப் போறீங்களா?”

“அவன் கட்டமாட்டான்” என்றார் தணிகாசலம்.

“அப்போ?”

“சத்தியம் அவ தலை மேல கீது கோமளா. வயித்துல வேற ஒண்ணு கீது. அத மறந்துட்டுப் பேசாத.”

“மறக்கல. அந்தத் தலையப் பெத்தவ நானு.”

அடுத்த அறையில் கோமளாவின் போன் அடித்தது, வழக்கமான நேரம்தான். இருவரும் எழவில்லை. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. தெருவில் யாரோ சைக்கிளில் ‘உப்பேய்’ என்று கூவிக்கொண்டு போனார்கள். அவர் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

காலையில் குளித்துவிட்டுக் கோமளாவோடு பொன்னியம்மன் கோயிலுக்குப் போய், தட்டில் கற்பூரம் ஏற்றி, மகள் தலை மேல் வைத்த சத்தியத்தை எடுத்துத் தன் தலை மேல் வைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே நின்று அவளுக்குப் போன் செய்வது என்று தணிகாசலம் முடிவு செய்தார்.